தெவிட்டு நிலை: டிரான்சிஸ்டர்ச் சாவி பற்றிய கலைச்சொல்லாக்கம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்லின் பிறப்பையும் தூய்மையையும் ஓசையையும் அளவுகோல்களாகக் கொள்கின்றன. ஒரு கலைச்சொல் தொடரில் அமரும்போது எந்த வேற்றுமை உருபை வேண்டி நிற்கிறது, எந்த உருபை மறைத்துவிடுகிறது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. மொழிபெயர்ப்பாளர் கையாள்வது தனிச்சொல்லை அன்று, தொடரையே. ஆதலின் இவ்வினாவைப் புறக்கணித்து ஆக்கப்படும் சொல், பட்டியலில் பொருத்தமாகத் தோன்றினும் பாடத்தில் பிழைபட நேர்கிறது. இதற்கு நல்ல சான்று, இருசந்தி டிரான்சிஸ்டரைச் சாவியாக இயக்குவது பற்றிய பாடத்தில் வரும் 'சாச்சுரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழ் நிகரன்களும் ஆகும். இந்நிகரன்களை அவை குறிக்கும் நிகழ்வோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. குறிக்கப்படும் நிகழ்வு

சொல்லை மதிப்பிடுமுன் பொருளை அறிதல் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உண்டு. அடிவாயில் செல்லும் சிறு மின்னோட்டம் ஏற்பானில் செல்லும் பெரு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதன் இயக்கத்தைப் பாடநூல்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன. அடிவாய் மின்னோட்டம் இல்லாதபோது ஏற்பானிலும் மின்னோட்டம் இல்லை. இது வெட்டு நிலை. அடிவாய் மின்னோட்டம் கூடக் கூட ஏற்பான் மின்னோட்டமும் அதற்கேற்ற விகிதத்தில் கூடுவது செயல்படு நிலை. பெருக்கிகள் இந்நிலையில் இயங்குகின்றன. அடிவாய் மின்னோட்டத்தை மேலும் கூட்டினும் ஏற்பான் மின்னோட்டம் ஏறக்குறைய மாறாதிருப்பது மூன்றாம் நிலை. சாவியாகப் பயன்படும் டிரான்சிஸ்டர் வெட்டு நிலைக்கும் இம்மூன்றாம் நிலைக்கும் இடையே மாறிமாறிச் செல்கிறது. செயல்படு நிலையை விரைந்து கடந்துவிடுகிறது.

எண்களால் இதனைத் தெளிவாகக் காணலாம். 12 வோல்ட் மின்மூலத்திலிருந்து 120 ஓம் மின்தடையுள்ள ரிலே கம்பிச்சுருள் ஒன்றை டிரான்சிஸ்டர் இயக்குவதாகக் கொள்வோம். மின்னோட்டப் பெருக்கம் 100 எனில், அடிவாயில் 0.5 மில்லி ஆம்பியர் செல்லும்போது ஏற்பானில் 50 மில்லி ஆம்பியர் செல்லும். சுருளில் 6 வோல்ட் இறங்குகிறது. எஞ்சிய 6 வோல்ட் டிரான்சிஸ்டரின் குறுக்கே நிற்கிறது. அப்போது டிரான்சிஸ்டரில் வெப்பமாகும் திறன் 300 மில்லி வாட். அடிவாய் மின்னோட்டம் 0.94 மில்லி ஆம்பியரை எட்டும்போது ஏற்பான் மின்னோட்டம் 94 மில்லி ஆம்பியராகிறது. டிரான்சிஸ்டரின் குறுக்கே ஏறத்தாழ 0.7 வோல்ட் மட்டுமே எஞ்சுகிறது. இதுவே மூன்றாம் நிலையின் வாயில். இனி அடிவாய் மின்னோட்டத்தைப் பத்து மடங்குக்கு மேலாக்கி 10 மில்லி ஆம்பியர் செலுத்தினும் ஏற்பான் மின்னோட்டம் 98 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதில்லை. டிரான்சிஸ்டரின் குறுக்கே 0.2 வோல்ட் அளவே நிற்க, ஏற்பான் வழியாக வெப்பமாகும் திறன் 20 மில்லி வாட்டாகக் குறைந்துவிடுகிறது.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, சாவியை முழுமையாக இணைக்க வேண்டுமாயின் தேவைக்கு மேற்பட்ட அடிவாய் மின்னோட்டத்தை வேண்டுமென்றே தருதல் வேண்டும். ஒரே வகையைச் சேர்ந்த டிரான்சிஸ்டர்களிலும் பெருக்கம் ஒன்றுக்கொன்று வேறுபடும், வெப்பநிலையாலும் மாறும். எனவே வடிவமைப்பாளர் பெருக்கத்தை நம்பாமல், ஏற்பான் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அடிவாய்க்குத் தருவதை நடைமுறை விதியாகக் கொள்கின்றனர். 2என்3904 என்னும் பரவலான வகையின் தரவுத்தாளிலும் இந்நிலை மின்னழுத்தம், ஏற்பானில் 10 மில்லி ஆம்பியரும் அடிவாயில் 1 மில்லி ஆம்பியரும் செல்லும்போது 0.2 வோல்ட்டுக்கு மேற்படாது எனக் குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, 98 மில்லி ஆம்பியர் என்னும் எல்லையை வகுத்தது டிரான்சிஸ்டர் அன்று; 12 வோல்ட்டும் 120 ஓமும் ஆகிய புறச்சுற்றே. பளு மின்தடை 60 ஓமாக இருந்து அடிவாய் மின்னோட்டமும் போதியதாக இருப்பின், அதே டிரான்சிஸ்டர் ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டத்தைக் கடத்தியிருக்கும்.

மூன்றாவது உண்மையும் உண்டு. இந்நிலையில் டிரான்சிஸ்டரின் இரு சந்திகளும் முன்னோக்குச் சார்பில் இருப்பதால், அடிவாய்ப் பகுதியில் தேவைக்கு மேற்பட்ட சிறுபான்மை ஊர்திகள் திரண்டுவிடுகின்றன. அடிவாய் மின்னோட்டத்தை நிறுத்திய உடனே சாவி திறப்பதில்லை. திரண்டவை நீங்கிய பின்னரே திறக்கிறது. இக்காலத் தாழ்வு 2என்3904 வகைக்கு, மேற்குறித்த மின்னோட்ட அளவில், 200 நானோ வினாடி வரை ஆகலாம் எனத் தரவுத்தாள் கூறுகிறது. இதனைத் தவிர்க்கவே ஷாட்கி டையோடு ஒன்றை அடிவாய்க்கும் ஏற்பானுக்கும் இடையே இணைத்து, டிரான்சிஸ்டரை மூன்றாம் நிலைக்குள் ஆழமாகப் புகவிடாமல் தடுக்கும் தருக்கச் சுற்றுகள் தோன்றின.

2. தமிழ் நிகரன்கள்

'சாச்சுரேஷன்' என்பதற்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகரன்கள் வழங்கியுள்ளன. பழைய நூல்களில் 'பூரிதம்' என்னும் வடசொல் காணப்படுகிறது. மலையாள வேதியியல் வழக்கு இன்றும் இச்சொல்லையே ஆள்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கரைசலுக்குத் 'தெவிட்டிய' என்றும் ஹைட்ரோகார்பனுக்கு 'நிறைவுற்ற' என்றும் இரு சொற்களை ஆள்கின்றன. இலங்கைப் பாடநூல் மரபு 'நிரம்பிய' என்பதைக் கரைசலுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் பொதுவாக்கியுள்ளது. 'செறிவு' என்பதை ஆள்வாரும் உளர். ஆயின் அச்சொல் கரைசலின் அடர்வளவைக் குறிக்கவும் வழங்குவதால் மயக்கத்தையே தரும். அதனை இங்கு விரித்துப் பேச வேண்டியதில்லை.

'நிரம்புதல்', 'பூரித்தல்' ஆகிய இரண்டும் கலத்தை அடிப்படையாகக் கொண்ட உருவகங்கள். கொள்கலம் ஒன்று தன் கொள்ளளவை எட்டுவதை அவை காட்டுகின்றன. 'நிறைவுறுதல்' குறைவின்றி முற்றுப்பெறுவதைக் காட்டுகிறது. கார்பன் அணுவின் இணைதிறன் முழுதும் ஒற்றைப் பிணைப்புகளால் ஈடுசெய்யப்பட்ட நிலைக்கு அது மிகப் பொருந்தும். காந்தப் பொருளின் நுண்பகுதிகள் அனைத்தும் ஒரே திசையில் அணிவகுத்துவிட்ட நிலைக்கும் அதுவே பொருந்தும். டிரான்சிஸ்டருக்கோ இவ்வுருவகங்கள் பொருந்தவில்லை. ஏற்பான் நிரம்பிவிடவில்லை, அதன் ஆற்றல் முற்றுப்பெறவும் இல்லை. எல்லை வெளியிலிருந்து வந்தது. 'நிரம்பிய டிரான்சிஸ்டர்' என்று படிக்கும் மாணவர், டிரான்சிஸ்டர் தன்னால் இயன்ற பேரளவு மின்னோட்டத்தைக் கடத்துகிறது என்று பொருள் கொள்வது இயல்பு. அப்பொருள் பிழையானது.

'தெவிட்டுதல்' உண்பதை அடிப்படையாகக் கொண்ட உருவகம். இலத்தீன் மூலத்திலும் இவ்வுருவகமே உள்ளது. 'சதுர்' என்னும் இலத்தீன் பெயரடை உண்டு நிறைந்தவரைக் குறிப்பது. ஜெர்மானியர் தம் சொல்லைப் பசியாறியவரைக் குறிக்கும் 'ஸாட்' என்னும் சொல்லிலிருந்து ஆக்கினர். இந்தியிலும் தெலுங்கிலும் வழங்கும் 'சந்திருப்த' என்பதும் திருப்தியுறுதல் என்னும் வேரினது. ஆனால் இவை அனைத்தும் நிறைவோடு நின்றுவிட, தமிழ்ச்சொல் ஒருபடி மேலே செல்கிறது. தெவிட்டுதல் என்பது வயிறு நிறைதல் மட்டுமன்று; போதும் என்னும் அளவைக் கடந்து மேலும் இடப்படும்போது நேர்வது. சாவியாகும் டிரான்சிஸ்டருக்குத் தேவைக்கு மேல் அடிவாய் மின்னோட்டம் தரப்படுவதையும், அம்மிகை உள்ளே தங்கிப் பின்னர் நீங்கக் காலம் கொள்வதையும் இச்சொல் ஒருங்கே உணர்த்த வல்லது. இவ்வகையில் மூலச்சொல்லிலும் இது சிறந்தது எனலாம்.

3. மறையும் நான்காம் வேற்றுமை

சொல் சிறந்ததாயினும் அது தொடரில் அமையும் முறை வேறொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. இயல்பான தமிழில் 'குழந்தைக்குப் பாயசம் தெவிட்டிவிட்டது' என்பதே வழக்கு. தெவிட்டுவது பாயசம், அது எழுவாய். தெவிட்டலை நுகர்வது குழந்தை. அது நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. ஆங்கிலச் சொல்லோ செயப்படுபொருள் குன்றா வினையாய், ஒன்றை மற்றொன்றால் தெவிட்டச் செய்வதைக் குறிப்பது. அதிலிருந்து பிறக்கும் எச்சம் நுகரும் பொருளையே அடையாகத் தழுவும். இவ்வாறு இரு மொழிகளின் வேற்றுமைச் சட்டகமும் வேறுபடுகின்றன.

'தெவிட்டிய டிரான்சிஸ்டர்' என்னும் பெயரெச்சத் தொடரில் டிரான்சிஸ்டர் எந்த இடத்தில் நிற்கிறது? பாயசத்தின் இடத்திலா, குழந்தையின் இடத்திலா? நன்னூலார் பெயரெச்சம் தழுவும் பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறாக வகுத்தார். நுகர்வோனை உணர்த்தும் நான்காம் வேற்றுமைப் பெயர் இவ்வாறனுள் தனியாக எண்ணப்படவில்லை. எனினும் வழக்கில் அது உண்டு. 'குழந்தைக்குப் பசிக்கிறது' என்பதிலிருந்து 'பசித்த குழந்தை' பிறக்கிறது. அவ்வாறே 'தெவிட்டிய நாக்கு' என்பதும் அமையும். ஆதலின் 'தெவிட்டிய டிரான்சிஸ்டர்' இலக்கண வழு அன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. 'பசித்தல்' என்னும் வினைக்குப் போட்டியான எழுவாய் ஒன்று இல்லை; எனவே 'பசித்த குழந்தை' மயக்கம் தருவதில்லை. 'தெவிட்டுதல்' என்பதற்கோ எழுவாயும் உண்டு, நான்காம் வேற்றுமைப் பெயரும் உண்டு. 'தெவிட்டிய பாயசம்', 'தெவிட்டிய நாக்கு' இரண்டும் இயல்பானவை. பெயரெச்சம் ஆனவுடன் உருபு மறைந்து இரு பொருளுக்கும் இடம் ஏற்பட்டுவிடுகிறது. 'தெவிட்டு நிலை' என்னும் வினைத்தொகையில் காலமும் மறைகிறது. எது எதற்குத் தெவிட்டுகிறது என்பதும் முற்றிலும் மறைகிறது. சொல் சுருங்கியது, பொருளும் அதனோடு சுருங்கியது.

உருபை மீட்டுத் தொடரை விரித்தால் பொருள் தெளிவடைகிறது: 'ஏற்பான் சுற்றுக்கு அடிவாய் மின்னோட்டம் தெவிட்டிவிட்டது.' இத்தொடரில் தரப்படுவது எது, அதற்கு இணங்காமல் நிற்பது எது என்னும் இரண்டும் வெளிப்படுகின்றன. 'ஏற்பானுக்கு' என்னாமல் 'ஏற்பான் சுற்றுக்கு' என்றதால், எல்லையை வகுப்பது டிரான்சிஸ்டர் மட்டுமன்று என்னும் உண்மையும் காக்கப்படுகிறது. மூல ஆங்கிலத் தொடரில் இல்லாத தெளிவு தமிழ் வேற்றுமை உருபால் கிடைப்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தியாகும்.

4. ஒரு சொல், எதிரான இரு நிலைகள்

இத்தெளிவு வெறும் நடையழகு அன்று, இன்றியமையாதது. புல விளைவு டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டிலும் 'சாச்சுரேஷன்' என்னும் பகுதி உண்டு. அங்கு வாயில் மின்னழுத்தம் மாறாதிருக்க, வடிகால் மின்னழுத்தத்தை ஓரளவுக்கு மேல் உயர்த்தினும் வடிகால் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடுவதில்லை. அப்பகுதியே மாஸ்ஃபெட் பெருக்கியாக இயங்கும் பகுதி. சாவியாக முழுமையாக இணைந்த மாஸ்ஃபெட் அப்பகுதியில் இருப்பதில்லை. வடிகால் மின்னழுத்தம் மிகக் குறைந்த ஓமியப் பகுதியில் இருக்கிறது. இருசந்தி டிரான்சிஸ்டரில் முழுமையாக இணைந்த சாவியைக் குறிக்கும் அதே சொல், மாஸ்ஃபெட்டில் சாவி இருக்கக் கூடாத பகுதியைக் குறிக்கிறது.

இம்முரணுக்குக் காரணம் உண்டு. வெற்றிடக் குழல்களில், எதிர்மின்வாய் உமிழும் எலக்ட்ரான்கள் அனைத்தும் நேர்மின்வாயை அடைந்த பின், நேர்மின்வாய் மின்னழுத்தத்தைக் கூட்டினும் மின்னோட்டம் கூடாது. இது அக்காலத்திலேயே தெவிட்டிய மின்னோட்டம் எனப் பெயர் பெற்றது. மாஸ்ஃபெட் வழக்கு இதனோடு ஒத்தது: பயனற்றுப் போவது மின்னழுத்தக் கூடுதல். இருசந்தி டிரான்சிஸ்டர் வழக்கிலோ பயனற்றுப் போவது அடிவாய் மின்னோட்டக் கூடுதல். காரணத்தைக் கூட்டினும் காரியம் கூடாமை என்னும் பொதுப்பொருள் இரண்டிலும் ஒன்றே. காரணமாக நிற்பது மட்டுமே வேறு. உருபோடு எழுதினால் இவ்வேறுபாடு உடனே புலப்படும். ஒன்றில் 'ஏற்பான் சுற்றுக்கு அடிவாய் மின்னோட்டம் தெவிட்டுகிறது'. மற்றொன்றில் 'வடிகால் மின்னோட்டத்துக்கு வடிகால் மின்னழுத்தம் தெவிட்டுகிறது'. இரு தொடர்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு முரண் ஏதும் தோன்றாது.

உருபின்றி, 'சாவியாகப் பயன்படும் டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலையில் இருத்தல் வேண்டும்' எனப் பொதுவிதியாக மொழிபெயர்க்கப்படும் தொடர், மாஸ்ஃபெட்டைக் கையாளும் பயிற்சியாளரை நேர் எதிரான இடத்துக்கு இட்டுச் செல்லும். முன்னர்க் கண்ட கணக்கில் 20 மில்லி வாட் அளவே வெப்பமாக வேண்டிய கருவியில் 300 மில்லி வாட் வெப்பமாவதை ஒத்த நிலை அது. பெரிய பளுக்களில் கருவி எரிந்து போகவும் கூடும்.

5. சார்ந்த சொற்கள்

கலைச்சொல் தனித்து நிற்பதில்லை. ஒரு குடும்பத்தின் உறுப்பாகவே பயன்படுகிறது. மின்னியல் தமிழில் 'மின்னூட்டம்', 'பின்னூட்டம்' ஆகிய சொற்கள் நிலைபெற்றுவிட்டன. இவற்றின் அடியான 'ஊட்டுதல்' என்னும் வினை 'தெவிட்டுதல்' என்பதோடு ஒரே உருவகத்தைச் சேர்ந்தது. டிரான்சிஸ்டரைத் தெவிட்டு நிலைக்கு 'ஓட்டுதல்' என்றோ 'விரட்டுதல்' என்றோ ஆங்கில வினையைப் பின்பற்றுவதைக் காட்டிலும், அடிவாய் மின்னோட்டத்தை 'மிகையாக ஊட்டித் தெவிட்டச் செய்தல்' என்பது தமிழின் இயல்புக்கு ஒத்தது. உள்ளே தங்குவதை 'மிகை மின்னூட்டம்' என்றும், அது நீங்க ஆகும் காலத்தைத் 'தேக்கக் காலம்' என்றும் குறிப்பின் குடும்பம் முழுமையடையும்.

'சாவி' என்னும் சொல்லிலும் கவனம் வேண்டும். போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த இச்சொல் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் மின்சுற்றை இணைக்கும் கருவிக்கும் வழங்குகிறது. இலங்கை வழக்கு 'ஆளி' என்பதாகும். இதனோடு 'மூடிய', 'திறந்த' என்னும் அடைகள் சேரும்போது அன்றாட வழக்கோடு மோதல் நேர்கிறது. குழாயை மூடினால் நீர் நிற்கும். சாவியை மூடினால் மின்னோட்டம் பாயும். டிரான்சிஸ்டர்ச் சாவிக்கு மூடவும் திறக்கவும் அசையும் உறுப்பே இல்லை. எனவே 'இணைந்த நிலை', 'துண்டித்த நிலை' என்பன பொருந்தும். 'ஏற்பான்' என்பதும் எச்சரிக்கையோடு ஆளத்தக்கது. குறைகடத்தியில் சேர்க்கப்படும் ஒருவகை மாசையும் அச்சொல்லால் குறிக்கும் வழக்கு இருத்தலின், ஒரே பத்தியில் இரண்டும் வரின் 'ஏற்பான் முனை', 'ஏற்பான் மாசு' என வேறுபடுத்துதல் வேண்டும்.

6. எதிர்வாதங்கள்

கலைச்சொல் வெறும் குறியீடே. அது பொருளை விளக்க வேண்டியதில்லை என்பது ஒரு வாதம். குறியீட்டைக் கற்றுத் தேர்ந்தவருக்கு இது உண்மை. முதன்முறை கற்பவருக்கோ சொல்லே வழிகாட்டி. மேலும் தாய்மொழியில் வழங்கும் சொல்லைக் குறியீடாக எடுத்துக்கொண்ட பின், அதன் வழக்குப் பொருள் படிப்பவர் மனத்தில் எழாது என்று எதிர்பார்த்தல் இயலாது. எழும் பொருளைப் பாடத்துக்குத் துணையாக்குவதே அறிவுடைமை.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறைகளிலும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்பது மற்றொரு வாதம். கலைச்சொல் ஒருமைப்பாடு தேவையே. ஆனால் ஒருமைப்பாடு கருத்தோடு இருத்தல் வேண்டும். அயல்மொழிச் சொல்லின் வடிவத்தோடு அன்று. கரைசல், ஹைட்ரோகார்பன், காந்தம், டிரான்சிஸ்டர் ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் குறிக்கப்படுவது வரலாற்றின் விளைவு. ஆங்கிலப் பாடநூல் ஆசிரியர்களுள் சிலரே மாஸ்ஃபெட்டின் அப்பகுதியை 'ஆக்டிவ்' என மாற்றி வழங்குவது, மூலமொழியினரும் இச்சொல்லால் இடர்ப்படுவதைக் காட்டுகிறது.

ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து ஆண்டால் போதும் என்னும் வாதமும் உண்டு. 'டிரான்சிஸ்டர்' போன்ற பொருட்பெயர்களுக்கு இது ஏற்புடையது. 1948 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட அப்பெயர் உலக மொழிகள் பலவற்றில் அவ்வாறே வழங்குகிறது. நிலையையும் நிகழ்வையும் குறிக்கும் சொற்களுக்கு இது உதவாது. 'சாச்சுரேஷன்' என ஒலிபெயர்ப்பின், மேற்காட்டிய இருபொருள் மயக்கம் அப்படியே தமிழுக்கு இறக்குமதியாகும்; அதனைத் தீர்க்க உதவும் வேற்றுமைச் சட்டகமோ உடன் வராது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. இருசந்தி டிரான்சிஸ்டரின் மூன்றாம் நிலைக்கு 'நிரம்பல்', 'பூரிதம்', 'நிறைவு' ஆகியவற்றைக் காட்டிலும் 'தெவிட்டு நிலை' பொருத்தமானது. மிகையையும் அதன் விளைவையும் அது உணர்த்துகிறது. எனினும் அத்தொகைச் சொல்லை விளக்கமின்றி ஆளுதல் கூடாது. பாடத்தில் அது முதன்முறை வருமிடத்தில், எதற்கு எது தெவிட்டுகிறது என்பதை எழுவாயும் நான்காம் வேற்றுமையும் வெளிப்பட ஒரு முழுத்தொடராக எழுதுதல் வேண்டும். அதன் பின்னரே தொகையாகச் சுருக்குதல் தகும். மாஸ்ஃபெட்டைப் பொறுத்தவரை, சாவியையும் பெருக்கியையும் ஒருங்கே பேசும் நூல்களில் 'மாறா மின்னோட்டப் பகுதி' என்னும் வேறு பெயரை ஆள்வது பிழைக்கு இடமளிக்காது.

கலைச்சொல் அகராதிகளில் வினையடியாகப் பிறந்த சொற்களுக்கு நேராக, அவை ஏற்கும் வேற்றுமைச் சட்டகத்தையும் ஓர் எடுத்துக்காட்டுத் தொடரையும் தருவது இத்தகைய இடர்களைக் குறைக்கும். ஒரு வரி கூடுதலாக அச்சிடும் செலவே அதற்கு ஆகும். அவ்வரியைக் கண்ட மொழிபெயர்ப்பாளர் இருசந்தி டிரான்சிஸ்டருக்குரிய விதியை மாஸ்ஃபெட்டின்மேல் ஏற்றி எழுத மாட்டார்.